கப்பல் எரிபொருள்: எந்தத் தூய்மை, யாருக்கு?

கடந்த 2025 அக்டோபர் மாத நடுவில், ஒரே வாரத்தில், கப்பல் துறையின் எதிர்காலம் பற்றிய இரண்டு செய்திகள் வெளிவந்தன. முதலாவது, கொச்சி கப்பல் கட்டும் தளத்திலிருந்து வந்தது. பிரான்ஸ் நாட்டின் சி.எம்.ஏ. சி.ஜி.எம். நிறுவனம், இருபதடிச் சரக்குப் பெட்டகங்களைத் தலா 1,700 வீதம் சுமக்கக்கூடிய ஆறு கப்பல்களை அங்கே கட்டுவதற்கான விருப்பக் கடிதத்தில் கையொப்பமிட்டது. எல்.என்.ஜி. எனப்படும் திரவநிலை இயற்கை எரிவாயுவில் அவை இயங்கும். இந்தியாவில் அத்தகைய பெட்டகக் கப்பல்கள் கட்டப்படவிருப்பது இதுவே முதன்முறை.

இரண்டாவது செய்தி லண்டனிலிருந்து வந்தது. கப்பல்கள் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களுக்கு உலக அளவில் ஒரு விலை வைக்கும் வரைவு விதிகளை ஏற்பதற்காகக் கூடிய பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, அந்த முடிவையே ஓராண்டுக்குத் தள்ளிவைத்தது. தள்ளிவைக்க வேண்டும் என்று 57 நாடுகளும், வேண்டாம் என்று 49 நாடுகளும் வாக்களித்தன.

இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு கப்பலின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். இன்று தேர்ந்தெடுக்கப்படும் இயந்திரம் 2050-களிலும் கடலில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் புகைக்கு என்ன விலை என்பதோ இன்னும் முடிவாகவில்லை. விலை தெரியாத பொருளைக் கால் நூற்றாண்டுக்கு வாங்கும் இடத்தில் கப்பல் துறை நிற்கிறது. எல்.என்.ஜி. தூய்மையான எரிபொருள் என்ற உறுதிமொழியே இந்தக் கொள்முதலுக்கு அடிப்படை. அந்த உறுதிமொழி எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய்வது நம் கடமை.

இதற்கும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகத் தெற்கே நீளும் இக்கரையில் இன்று சரக்குத் துறைமுகம் ஏதும் இல்லை. ஆனால், மறைமலை நகரிலும் மகேந்திரா சிட்டியிலும் உள்ள ஆலைகளின் உற்பத்தி சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் வழியாகவே கடல் கடக்கிறது. அந்தத் துறைமுகங்களிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கப்பல்கள் இக்கரையின் தொடுவானத்தைக் கடந்தே செல்கின்றன. மாமல்லபுரம் ஒலக்கணேசுவரர் கோயிலின் உச்சியில் ஒரு காலத்தில் கப்பல்களுக்காக விளக்கு எரிந்ததும், அதன் அருகிலேயே இன்றைய கலங்கரை விளக்கம் எழுந்ததும் அதனால்தான். கப்பலின் வருவாய் இக்கரையில் இறங்குவதில்லை. அதன் கழிவு இறங்கியிருக்கிறது.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. டான் காஞ்சிபுரம் ஏற்றி வந்த பெட்ரோலியச் சரக்கு தப்பியது. கடலில் கலந்தது அக்கப்பல் தன் இயந்திரத்துக்காக வைத்திருந்த கனத்த உலை எண்ணெய். நீரோட்டம் அதைத் தெற்கே இழுத்து வந்தது. திருவள்ளூர், சென்னை, அன்றைய காஞ்சிபுரம் என மூன்று மாவட்டங்களின் கடற்கரைகள் பாதிக்கப்பட்டன. இன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. கடலோரக் காவல் படையினரும் மீனவர்களும் மாணவர்களும் தார்போல் இறுகிய கசடை வாளிகளில் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. மீன் வாங்க மக்கள் அஞ்சினர். விபத்தில் எந்தப் பங்கும் இல்லாத மீனவக் குடும்பங்களின் அன்றாட வருவாய் அதனால் குறைந்தது.

இதைத்தான் பொருளியலில் புறவிளைவு என்கிறோம். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான பேரத்தில் இடம்பெறாத மூன்றாமவர், அந்தப் பேரத்தின் செலவில் ஒரு பகுதியைச் சுமக்கிறார். சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்த பிறகு அடியில் எஞ்சும் கனத்த எண்ணெய்தான் கப்பல்களின் மரபான எரிபொருள். அது மலிவு என்பது கப்பல் உரிமையாளரின் கணக்கில் மட்டுமே உண்மை. கரையில் வாழ்பவரின் கணக்கையும் சேர்த்தால் அது மலிவாக இருந்ததே இல்லை.

எல்.என்.ஜி.யின் முதல் நன்மை இங்கேதான் இருக்கிறது. இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் அது திரவமாகி, தன் கன அளவில் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அந்தத் திரவம் கடலில் கொட்டினால் ஆவியாகிக் கலைந்துவிடும். கொட்டிய இடத்தில் தீப்பற்றும் அபாயம் உண்டு. அதற்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாக இருந்தாக வேண்டும். ஆனால், பல கிலோமீட்டர் மிதந்து சென்று ஊர் ஊராகக் கரையில் ஒட்டிக்கொள்ளும் கசடு அதிலிருந்து உருவாகாது.

2017-ஐ விட இன்று இந்த நன்மையின் மதிப்பு அதிகம். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்குகிறது. 2024-இல் அதனருகே 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் அமைகிறது. கல்பாக்கம் அணுமின் நிலையமும் தன் குளிர்விப்புக்குக் கடல்நீரையே நம்பியிருக்கிறது. எனவே, இக்கரையில் எண்ணெய் ஒதுங்குவது இனி மீனவர் பிரச்சினை மட்டுமன்று. தென்சென்னை வீடுகளின் குடிநீர்ப் பிரச்சினையும்கூட. 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் தொட்டிகளில் 367 டன் உலை எண்ணெய் இருந்தது. இத்தகைய விபத்து எந்தக் கரையிலும் நிகழலாம்.

இரண்டாவது நன்மை காற்றில் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நம் சாலைகளில் ஓடும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. அதே ஆண்டின் ஜனவரி முதல் உலகக் கப்பல்களுக்கான வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கடுமையான வரம்பும்கூடப் பத்து லட்சத்தில் 5,000 பங்கு. அதாவது, பேருந்து டீசலைப் போல் 500 மடங்கு. எல்.என்.ஜி.யில் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். நுண்துகள் மிகக் குறைவு. இயந்திரத்தின் வகையைப் பொறுத்து நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெருமளவு குறையும். துறைமுகங்களை ஒட்டி வாழும் வடசென்னை மக்களின் நுரையீரலுக்கு இது சிறிய பேறு அன்று.

ஆக, கரைக்கும் நுரையீரலுக்கும் எல்.என்.ஜி. தூய எரிபொருளே. இதில் ஐயமில்லை. ஆனால், தூய்மை என்ற ஒரே சொல்லுக்குள் வேறொரு தூய்மையும் ஒளிந்திருக்கிறது. அது வளிமண்டலத்தின் தூய்மை. முதல் தூய்மைக்குக் கிடைத்த நற்சான்றை இரண்டாவதற்கும் நீட்டிவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். முழுமையாக எரிந்தால் அது கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறும். இயந்திரத்தில் எரியாமலே புகைபோக்கி வழியாக ஒரு பகுதி நழுவிவிட்டால், அது மீத்தேனாகவே வளிமண்டலத்தில் சேரும். ஐ.நா. காலநிலை மாற்றக் குழுவின் ஆறாவது மதிப்பீட்டின்படி, ஒரு டன் புதைபடிவ மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 30 டன் கரியமில வாயுவுக்கும், இருபது ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 82 டன்னுக்கும் சமம். மீத்தேன் சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். ஆனால், இருக்கும்வரை கடுமையாகச் சூடேற்றும். அதனால்தான் இந்த இரு கணக்குகளுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு.

ஓர் எளிய கூட்டல் கழித்தல் செய்து பார்ப்போம். ஒரு டன் எல்.என்.ஜி. எரிந்தால் 2.75 டன் கரியமில வாயு வெளியாகும். அதே அளவு வெப்பத்தைத் தரச் சுமார் 1.2 டன் உலை எண்ணெய் தேவை. அதிலிருந்து சுமார் 3.7 டன் வெளியாகும். மிச்சம், ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. எல்.என்.ஜி. கரியமில வாயுவைச் சுமார் 25 சதவீதம் குறைக்கிறது என்று விளம்பரங்கள் சொல்வது இதைத்தான். அந்தக் கூற்று பொய்யன்று. ஆனால், கணக்கு அங்கே முடிவதில்லை.

நழுவும் மீத்தேன் எவ்வளவு? ஐரோப்பிய ஒன்றியத்தின் கப்பல் எரிபொருள் விதிகள், குறைந்த அழுத்தத்தில் இயங்கும் நான்கு வீச்சு இயந்திரங்களுக்கு 3.1 சதவீதம் என்று கொள்கின்றன. அப்படியானால், ஒரு டன்னுக்கு 31 கிலோ. நூறு ஆண்டுக் கணக்கில் அது 0.9 டன் கரியமில வாயுவுக்குச் சமம். கிடைத்த மிச்சம் முழுவதும் ஏறக்குறையக் கரைந்துவிடுகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் அது 2.5 டன், மிச்சம் போய் நட்டமே மிஞ்சுகிறது. போக்குவரத்துத் தூய்மைக்கான பன்னாட்டு மன்றம் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை இயந்திரங்கள் கொண்ட கப்பல்களின் புகையை நேரடியாக அளந்தபோது கிடைத்த சராசரி 6.4 சதவீதம். விதியில் எழுதிய எண்ணைப் போல் இருமடங்கு!

எல்லா இயந்திரங்களும் இப்படியல்ல. உயர் அழுத்தத்தில் எரிவாயுவைச் செலுத்தி டீசல் முறையில் எரிக்கும் இரண்டு வீச்சு இயந்திரங்களில் நழுவல் 0.2 சதவீதம் என்று அதே ஐரோப்பிய விதிகள் கொள்கின்றன. அதே கணக்கை இங்கே போட்டால், இருபது ஆண்டு அளவுகோலிலும் நட்டம் 0.2 டன்னைத் தாண்டாது. மிச்சத்தின் பெரும்பகுதி தங்கிவிடும். குறைந்த அழுத்த இரண்டு வீச்சு இயந்திரங்களுக்கு 1.7 சதவீதம், இருபது ஆண்டு அளவுகோலில் அதுவும் நட்டமே. எரிவாயுக் கிணற்றிலிருந்து குளிர்விக்கும் ஆலை வரை வழியில் ஏற்படும் கசிவையும் மின்செலவையும் சேர்த்தால் மிச்சம் மேலும் சுருங்கும்.

இதிலிருந்து தெளிவாகும் உண்மை ஒன்று. எல்.என்.ஜி. தூய்மையானதா என்ற கேள்வியே பிழையான கேள்வி. எந்த இயந்திரத்தில், எந்தச் சுமையில், எந்த ஊரிலிருந்து வந்த எரிவாயு என்பதே சரியான கேள்வி. இயந்திரம் குறைந்த சுமையில் ஓடும்போது பொதுவாக நழுவல் அதிகரிக்கிறது. துறைமுகத்தை அணுகும் கப்பலும், இடம் கிடைக்காமல் வெளியே காத்திருக்கும் கப்பலும் அப்படித்தான் ஓடுகின்றன. கொச்சியில் கட்டப்படும் ஆறு கப்பல்களைப் பற்றி நாம் பெருமை கொள்வதற்கு முன் கேட்க வேண்டியதும் இந்த இயந்திரக் கேள்வியைத்தான்.

இரண்டு தூய்மைகளும் ஒன்றல்ல என்பதற்குக் கந்தக வரம்பே மற்றொரு சான்று. கப்பல் புகையில் இருந்த கந்தகத் துகள்கள் மேகங்களை வெண்மையாக்கி, சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. 2020-க்குப் பிறகு அந்தத் திரை மெலிந்தது. நுரையீரல்களுக்கு நன்மை, ஆனால், மறைந்திருந்த வெப்பத்தின் ஒரு பகுதி வெளிப்பட்டது. எவ்வளவு என்பதில் அறிவியலாளர்களிடையே விவாதம் நடக்கிறது. இதற்காகக் கந்தகத்தைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று எவரும் வாதிட மாட்டார்கள். ஒரு நன்மையைப் பெறும்போது மற்றொரு கணக்கையும் உடன் பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

இந்த இரண்டாவது கணக்கு இக்கரைக்கு ஏட்டுக் கணக்கு அன்று. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் ஆய்வின்படி, 1990 முதல் 2018 வரையிலான காலத்தில் தமிழகக் கடற்கரையில் 42.7 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. இதில் துறைமுகச் சுவர்களுக்கும் தூண்டில் வளைவுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் கட்டிவிட முடியாது. ஆயினும், ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கும் கரையில் கடல்மட்டமும் உயர்ந்தால் முதலில் இடம்பெயர்வது குப்பங்கள்தாம். 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்த மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயிலைக் கற்சுவர் எழுப்பியும் சவுக்கு நட்டும் காக்கிறோம். பட்டிபுலத்திலும் தேவனேரியிலும் வலை உலர்த்தும் மணலுக்கு அத்தகைய காவல் ஏது? கசடிலிருந்து கரையைக் காக்கும் எரிபொருளே, வேறு வழியாக அந்தக் கரையைக் கரைக்குமானால், ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைத்த கதையாகிவிடும்.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். உலை எண்ணெய் கசிந்தால் அது கறுப்பாகக் கரை ஒதுங்கித் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். ஊர் திரளும், செய்தியாகும், இழப்பீடு கேட்கலாம். மீத்தேனுக்கு நிறமில்லை, மணமில்லை. அளந்தாலொழிய அது இருப்பதே தெரியாது. கண்ணுக்குத் தெரியும் மாசை ஒழித்து, தெரியாத மாசை அதன் இடத்தில் வைப்பது நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கலாம். தீர்வு என்று அதைச் சொல்ல முடியாது.

இனி, முதலீட்டுக் கணக்குக்கு வருவோம். எண்ணூரில் இந்தியன் ஆயில் நிறுவனம் ஏறத்தாழ 5,150 கோடி ரூபாய் செலவில் அமைத்த, ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறனுள்ள எல்.என்.ஜி. முனையம் 2019 மார்ச் மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரையின் முதல் முனையம் அது. எண்ணூரிலிருந்து தூத்துக்குடி வரையிலான குழாய்த் திட்டமும் உண்டு. அதன் இராமநாதபுரம் - தூத்துக்குடிப் பகுதி 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் சாலையோரங்களில் இன்று சி.என்.ஜி. நிலையங்களைக் காண்கிறோம். எனினும், முனையம் தன் திறனில் பாதியைக்கூட எட்டாமலே இயங்கி வந்திருக்கிறது. பயன்படாத திறன் கையில் இருக்கும்போது, கப்பல்களுக்கும் எரிவாயு நிரப்பலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு.

மத்திய அரசு 2023 மே மாதம் வெளியிட்ட 'ஹரித் சாகர்' பசுமைத் துறைமுக வழிகாட்டுதல்களும், 2030-க்குள் துறைமுகத்திலோ அதன் சுற்றுப்புறத்திலோ குறைந்தது ஓர் எல்.என்.ஜி. நிரப்பு நிலையம் வேண்டும் என்கின்றன. உலகின் மிகப் பெரிய கப்பல் எரிபொருள் சந்தையான சிங்கப்பூரின் அனுபவத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2024-இல் அங்கே விற்பனையான கப்பல் எரிபொருள் சுமார் 5.5 கோடி டன். அதில் எல்.என்.ஜி. சுமார் 4.6 லட்சம் டன். அதாவது, ஒரு சதவீதத்துக்கும் குறைவு. விற்பனை விரைந்து வளர்கிறது என்பது உண்மை. ஆனால், உலகக் கப்பல் பாதையின் நாற்சந்தியிலேயே நிலைமை இதுவென்றால், ஒவ்வொரு பெருந்துறைமுகத்திலும் பொதுப் பணத்தில் ஒரு நிலையம் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செலவு.

விலை ஏற்ற இறக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. இந்தியா பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழப் பாதி இறக்குமதி. உக்ரைன் போருக்குப் பிறகு 2022-இல் ஐரோப்பா அதிக விலை கொடுத்து எல்.என்.ஜி. கப்பல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டபோது, ஆசியச் சந்தையில் விலை பன்மடங்கு உயர்ந்தது. எரிவாயு, எண்ணெய் இரண்டிலும் இயங்கும் இரட்டை எரிபொருள் கப்பல்கள் பல அப்போது எண்ணெய்க்கே திரும்பின. எரிவாயுவுக்காகக் கூடுதல் விலை கொடுத்துக் கட்டிய கப்பல், எண்ணெய் எரித்து ஓடியது. இறக்குமதி எண்ணெய்க்குப் பதிலாக இறக்குமதி எரிவாயு என்பது சார்பை மாற்றுமே தவிர, நீக்காது.

எல்.என்.ஜி.க்கு ஆதரவான வாதங்களில் வலுவானதையும் இங்கே நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். பசுமை மெத்தனாலும் பசுமை அம்மோனியாவும் இன்று மிகச் சிறிய அளவிலேயே கிடைக்கின்றன; விலையும் பன்மடங்கு. அவை வரும்வரை உலை எண்ணெயிலேயே காத்திருப்பதா? இன்று எல்.என்.ஜி. தொட்டி பொருத்தினால், நாளை அதே தொட்டியில் சாண எரிவாயு போன்ற உயிரி மூலங்களிலிருந்து பெறும் மீத்தேனை நிரப்பலாமே? உலகில் எல்.என்.ஜி.யில் இயங்கும் கப்பல்கள் 600-ஐத் தாண்டிவிட்டன என்றால், கப்பல் உரிமையாளர்கள் எல்லாரும் கணக்குத் தெரியாதவர்களா?

கப்பல் உரிமையாளர்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். அது அவர்களின் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் கப்பல் புகைக்குக் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. 2025 முதல் எரிபொருளின் பசுங்குடில் வாயு அளவை 2 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. 2030-இல் 6 சதவீதம், 2050-இல் 80 சதவீதம் என அந்த வரம்பு இறுகிக்கொண்டே போகும். தொடக்க ஆண்டுகளின் எளிய வரம்புகளைக் கடக்க எல்.என்.ஜி. போதும். பிந்தைய ஆண்டுகளுக்குப் போதாது. உயிரி மீத்தேன் வரும் என்பதற்கும் நம் அனுபவம் எச்சரிக்கையே தருகிறது. 2018-இல் தொடங்கிய மத்திய அரசின் 'சதத்' திட்டம் 2023-க்குள் 5,000 உயிரி எரிவாயு ஆலைகளை இலக்காகக் கொண்டது. அதன் சிறு பகுதிதான் நிறைவேறியது. மேலும், தொட்டியில் நிரப்புவது உயிரி மீத்தேனாகவே இருந்தாலும், இயந்திரத்தில் நழுவினால் அதுவும் மீத்தேன்தான்.

எனவே, எல்.என்.ஜி.யை முற்றாக ஒதுக்க வேண்டும் என்பதன்று என் வாதம். இடைக்கால எரிபொருளாக அதற்கு இடமுண்டு; பொதுப் பணத்துக்கு உரிய இறுதி இலக்காக அதைக் கருதக் கூடாது என்பதே. அந்த இடைக்காலம் நமக்குப் பயன்பட வேண்டுமானால் நான்கு செயல்கள் தேவை.

முதலாவது, அளத்தல். துறைமுகக் கட்டணத்தில் பசுமைக் கப்பல்களுக்குச் சலுகை தரும்போது, எரிபொருளின் பெயரைப் பார்த்துத் தரக் கூடாது. புகைபோக்கியில் அளந்த மீத்தேனையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தர வேண்டும். இந்தியத் தளங்களில் அரசு உதவியோடு கட்டப்படும் கப்பல்களுக்கும் இந்த நிபந்தனை பொருந்த வேண்டும். 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கப்பல் கட்டுமானத்துக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. இவ்வளவு பெரிய தொகையில், குறைந்த நழுவல் இயந்திரம் என்ற ஒரு வரி நிபந்தனைக்கு இடமில்லாமல் போகாது.

இரண்டாவது, கரையோரக் கடலில் உலை எண்ணெய்க்குக் கட்டுப்பாடு. மத்தியதரைக் கடல் 2025 மே முதல் தேதியிலிருந்து கந்தக வரம்பு 0.1 சதவீதமாக உள்ள கட்டுப்பாட்டு மண்டலமாகிவிட்டது. புகையைக் கடல்நீரால் கழுவி, அந்த அமிலக் கழிவைக் கடலிலேயே விடும் கருவிகளுக்குச் சிங்கப்பூர் தன் துறைமுகத்தில் 2020-லேயே தடை விதித்தது. குடிநீர் நிலையங்களும் அணுமின் நிலையமும் அடுத்தடுத்து அமைந்த இக்கரைக்கு அத்தகைய பாதுகாப்பைக் கோர எல்லா நியாயமும் உண்டு. கரைக்கு வேண்டிய தூய்மையைப் பெற எல்.என்.ஜி. ஒன்றே வழி என்ற எண்ணமும் இதனால் அகலும்.

மூன்றாவது, துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம். கப்பல் சரக்கு இறக்கும் நேரம் முழுவதும் அதன் துணை இயந்திரங்கள் ஓடுகின்றன. அவற்றை நிறுத்திவிட்டால் புகையும் இல்லை, நழுவலும் இல்லை. காற்றாலையிலும் சூரிய மின்சாரத்திலும் நாட்டின் முன்னணி மாநிலங்களில் ஒன்றான தமிழகம், பெருங்கப்பல்களுக்கும் இதை விரிவாக்க வேண்டும்.

நான்காவது, அடுத்த எரிபொருளில் முந்திக்கொள்ளுதல். தூத்துக்குடி வ.உ. சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் முன்னோட்ட ஆலை தொடங்கப்பட்டது, 35.34 கோடி ரூபாயில் பசுமை மெத்தனால் நிரப்பு நிலையத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. பசுமை மெத்தனாலுக்கு ஹைட்ரஜனோடு, தாவர மூலத்திலிருந்து பெற்ற கரியமில வாயுவும் தேவை. கரும்புச் சக்கையை எரிக்கும் சர்க்கரை ஆலைகள் அதற்கான மூலங்களில் ஒன்று. செங்கல்பட்டு மாவட்டத்தின் படாளத்தில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலை போன்றவை, இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக முடியுமா என்பதை நம் பொறியியல் கல்லூரிகளும் வேளாண் பல்கலைக்கழகமும் ஆராயலாம். முடியும் எனில், கப்பல் எரிபொருளின் வருவாயில் ஒரு பங்கு கரும்பு விவசாயியின் வீட்டுக்கும் வரும்.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு தள்ளிவைத்த முடிவை என்றேனும் எடுத்தாக வேண்டும். 2050-ஐ ஒட்டி நிகர சுழியம் என்று 2023-இல் அது ஏற்ற இலக்கு அப்படியே இருக்கிறது. அளவில் இந்திய வெளிநாட்டு வணிகத்தின் 95 சதவீதம் கடல்வழியே நடக்கிறது. கப்பல் புகைக்கு விலை வரும் நாளில், மறைமலை நகர் ஆலையின் சரக்குக் கட்டணத்திலும் அது ஏறும். அன்று நம் துறைமுகங்களில் எஞ்சியிருக்கப்போவது எதிர்காலத்துக்கான எரிபொருளா, கடன் தீராத எரிவாயுத் தொட்டிகளா என்பது இப்போது எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது.

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பது கடலோர மக்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டிய பாடமல்ல. அரசும் துறைமுகங்களும் எல்.என்.ஜி.யில் காலை வைக்கும் முன், இயந்திரம்தோறும் நழுவும் மீத்தேனை அளந்து மக்கள் முன் வைக்கட்டும். அந்த எண்களைப் பார்த்த பிறகு, எந்தக் கப்பலுக்குச் சலுகை, எந்த நிலையத்துக்குப் பொதுப் பணம் என்று முடிவெடுப்பது கடினமாக இருக்காது.